கதவைச் சாத்தாதே

செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீரணுமா?

பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25. பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளாமல் தருகிற வாக்கு செல்லாது. நெருங்கிய சொந்தங்களுக்குள் பாசத்தின் பேரில் தருகிற வாக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டுதான். ஆனால் அதை எழுதி, ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டும். வயதான பாட்டி பேரனிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்குவதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

வேல்ஸில் ஒரு மனிதர், அந்தக் கணக்கில் வராத ஒரு வாக்குக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு வீட்டின் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பெயர் ஜெரால்ட் வில்லியம்ஸ். வீட்டுக்குப் பெயர் அர் அஸ்கூர்ன். வட வேல்ஸில் ட்ரௌஸ்வனித் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் இருக்கிற கல் வீடு. சாதாரணப் பண்ணை வீடு. ஆடு, மாடு, மழை, சேறு.

வேல்ஸ்காரர்களுக்கு வீட்டுப் பெயர் ரொம்ப முக்கியம். ஒரு காலத்தில் அவர்களும் நம்மைப் போல அப்பா பெயரைத்தான் கூடவே சுமந்தார்கள். நாம் இனிஷியலாக முன்னால் போடுகிறோம். அவர்கள் 'இன்னாரின் மகன்' என்று பின்னால் சேர்த்தார்கள். பிறகு இங்கிலாந்து முறைப்படி எல்லாம் குடும்பப் பெயராக உறைந்துபோனது. விளைவு, ஊருக்கு ஊர் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ். இந்த வீட்டுக்காரர் பெயரே எவன் எவன்ஸ்! எந்த எவன்ஸ் என்று கேட்டால் பண்ணையின் பெயரைச் சொன்னால்தான் புரியும். வீடுதான் அங்கே இனிஷியல்.

அந்த எவன் எவன்ஸுக்கும் மேரிக்கும் மூத்த பிள்ளை எல்லிஸ். 1887-ல் பிறந்தவன். படிப்பு கொஞ்சம், கவிதை நிறைய. ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதினான். அங்கே ஐஸ்தெத்வோத் என்று கவிதைத் திருவிழாக்கள் நடக்கும். ஜெயிக்கிற கவிஞனுக்குப் பரிசு பணமுடிப்பு அல்ல, ஒரு நாற்காலி. உள்ளூர்ப் போட்டிகளில் ஜெயித்து ஜெயித்து வீட்டில் பல நாற்காலிகள் சேர்த்துவிட்டான். தேசியத் திருவிழாவின் நாற்காலி மட்டும் பாக்கி.

முதல் உலக யுத்தம் வந்தது. 1916-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். வீட்டிலிருந்து ஒருவர் போயாக வேண்டும் என்ற நிலை. தம்பி பாப் போவதா, அண்ணன் போவதா? எல்லிஸ் போனான். 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் செத்தான். வயது 30.

சாவதற்கு முன் தேசியப் போட்டிக்கு ஒரு நீண்ட கவிதை அனுப்பியிருந்தான். அந்த வருடம் செப்டம்பர் 6-ம் தேதி பர்க்கன்ஹெட் நகரில் விழா. யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த பிரதம மந்திரி லாய்ட் ஜார்ஜும் வந்திருந்தார், அவரும் வேல்ஸ்காரர். ஜெயித்தவரின் புனைபெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊதுகொம்பு முழங்கியது. யாரும் எழுந்து நிற்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். கவிஞன் ஐந்து வாரத்துக்கு முன்பே போய்விட்டான் என்று பிறகு அறிவித்து, நாற்காலி மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். அன்றிலிருந்து அது 'கறுப்பு நாற்காலி'. அதைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்ளெடரன், யுத்தத்தால் பெல்ஜியத்திலிருந்து ஓடி வந்த அகதி. இதையெல்லாம் கதையில் எழுதினால் நம்பமாட்டேன் என்பீர்கள்.

நாற்காலி வீட்டுக்கு வந்தது. பிள்ளை வரவில்லை. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலியைப் பார்க்க, அந்த அம்மாவைப் பார்க்க. மேரி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வயதான காலத்தில் பேரன் ஜெரால்டிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: கதவைத் திறந்து வை.

பேரன் சரி என்றார்.

ஜெரால்ட் பிறந்தது 1929-ல். மாமா செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. முகம் பார்க்காத ஒரு மனிதருக்காக, கல்யாணம் செய்துகொள்ளாமல், சகோதரரோடு அதே வீட்டில் இருந்து ஆடு மேய்த்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலியைக் காட்டி அதே கதையைச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸில் வருகிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டினாலும் எழுந்து வர வேண்டும். எத்தனை ஆயிரம் தடவை! நம் வீட்டுக்குத் தொடர்ந்து நாலு நாள் விருந்தாளி வந்தால் நம் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாட்டி இதைக் கேட்டிருக்கலாமா? எனக்கு இதுதான் உறுத்துகிறது. உயிரோடு இருக்கிற ஒருவரிடம் கடன்பட்டால், அவர் என்றைக்காவது மனசு இரங்கி 'போகட்டும் விடு' என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. செத்தவரால் அதைச் சொல்ல முடியாது. விடுவிக்க ஆளே இல்லாத கடன் அது. தன் துக்கத்தை ஆற்றிக்கொள்ள இன்னொருவரின் முழு ஆயுளையும் எழுதி வாங்குவது அன்பா, அபகரிப்பா? மூத்த மகன், தம்பிக்காகத் தன் உயிரைக் கொடுத்தான். சரி. அவன் தானாகப் போனான். பேரன் விஷயத்தில் பாட்டி கேட்டாரே!

ஒன்று சொல்ல வேண்டும். ஜெரால்ட் இதை ஒரு பாரமாகச் சொல்லித் திரியவில்லை. அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் உலகம் அவர் வீட்டுக்குள் வந்தது. மேரி கேட்காமல் இருந்திருந்தால் அவர் சந்தோஷமாக இருந்திருப்பாரா, யாருக்கும் தெரியாத ஒரு கிழவராக மலைச்சரிவில் தனித்து இருந்திருப்பாரா, யார் கண்டார்கள்? ஆனாலும் பிள்ளை சந்தோஷமாக இருந்துவிட்டான் என்பதாலேயே கேட்டது நியாயம் ஆகிவிடாது.

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது, வாக்கைக் காப்பாற்றிய விஷயத்தில் அல்ல. அதை மாற்றி எழுதிய விஷயத்தில். வயது எண்பதைத் தாண்டியது. வாரிசு இல்லை. வேல்ஸ் கிராமங்களில் இப்படி ஆள் இல்லாத வீடுகளுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? வெளியூர்ப் பணக்காரர் வாங்குவார், கோடையில் ரெண்டு வாரம் வந்து தங்குவார், மிச்ச நாளெல்லாம் பூட்டு. ஆகவே 2012-ல் வீட்டையும் நிலத்தையும் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கு விற்றார்.

'பார்த்தியா, கடைசியில் காசுக்கு வித்துட்டான்' என்று சொல்ல நம்மூரில் பத்துப் பேர் கிடைப்பார்கள். பாட்டி கேட்டது கதவு திறந்திருக்க வேண்டும் என்பது. பேரன் வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அல்ல. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வாக்கின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டையே இழக்கிறவர்கள் உண்டு. வார்த்தையைத் தாண்டி அதன் நோக்கத்தைப் பிடிக்கப் பெரிய துணிச்சல் வேண்டும், அதுவும் கேட்டவர் எதிரில் இல்லாதபோது.

நிர்வாகம் வீட்டைச் சீர்செய்து, சுவரில் அடுக்கடுக்காக ஒட்டியிருந்த பழைய காகிதங்களைப் பார்த்து அதே மாதிரி அச்சடித்து ஒட்டி, கவிஞன் செத்து நூறு வருடம் ஆன 2017-ல் திறந்தது. ஜெரால்ட் அதைப் பார்த்துவிட்டுத்தான், 2021-ல், தொண்ணூறைக் கடந்த வயதில் காலமானார்.

இப்போது வாக்குக் கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. உள்ளே போக டிக்கெட் உண்டு. வாசலில் நிற்பவர்கள் சம்பளத்துக்கு நிற்கிறார்கள், கதையை நன்றாகவே சொல்வார்கள். மேரி எவன்ஸ் இதைத் திறந்த கதவு என்று ஒத்துக்கொள்வாரா என்று மட்டும் அவ்வப்போது யோசிக்கிறேன். அவர் சமையலறையில் வந்தவர்களிடம் காசு கேட்டதில்லை.