முடிவு எப்போது? ஆயத்தம் என்ன?

தோன்றியன யாவும் மறையும். நிலைத்திருப்பவன் இறைவன் ஒருவனே. இது நம் ஈமானின் அடிப்படை. பேரண்டத்தின் முடிவைப் பற்றி விஞ்ஞானமும் பேசுகிறது. இவ்விரண்டையும் நாம் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது?

விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதற்கு எட்வின் ஹப்பிள் 1929இல் சான்று காட்டினார். ஈர்ப்பு விசையால் இவ்விரிவு ஒருநாள் நின்று, பேரண்டம் மீண்டும் சுருங்கி ஒடுங்கக்கூடும் எனப் பின்னர் அறிஞர் சிலர் கருதினர். வானத்தின் இறுதியை ஏட்டுச் சுருளுக்கு உவமிக்கும் ‘அல் அன்பியா’ அத்தியாயத்தின் 104ஆம் வசனத்தோடு இதனை இணைத்து மகிழ்ந்தோரும் உண்டு.

ஆனால் வெடித்துச் சிதறும் தொலைதூர விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் தளரவில்லை, மிகுந்தே வருகிறது என்று 1998இல் அறிவித்தனர். 2011இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒடுக்கம் என்னும் கருத்துப் பின்தங்கிற்று. விண்மீன்கள் அவிந்து இருளும் குளிரும் சூழும் முடிவே முன்னுக்கு வந்தது. அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் எடுத்து, 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அளவீடுகளோ, விரிவை உந்தும் ‘இருள் ஆற்றல்’ குன்றி வரலாம் எனக் குறிப்புக் காட்டுகின்றன. அது இன்னும் உறுதிப்படவில்லை.

சான்று கண்டு கருத்தை மாற்றிக்கொள்வது விஞ்ஞானத்தின் நேர்மை. அதனை நாம் இகழலாகாது. ஆனால், இறைவசனத்திற்கு ஒரு கொள்கையைச் சான்றாக்கியவர், அக்கொள்கை சாயும்போது என் செய்வார்? மிதக்கும் கட்டையில் தோணியைப் பிணைத்தவர் நிலையன்றோ அவர் நிலை!

“சூரியன் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஒளிருமாமே, கியாமத்தை இன்றே அஞ்சுவானேன்?” என்று நம் பிள்ளைகள் வினவக்கூடும். அவர்களைக் கடிந்து வாயடைத்தல் தகாது. இன்றுள்ள இயற்கை விதிகள் இவ்வாறே தொடருமாயின் என்னும் நிபந்தனையின் மீதே அக்கணக்கு நிற்கிறது. மறையோ, அவ்விதிகளை வகுத்தவனே அவற்றை மாற்றும் நாளைப் பற்றிப் பேசுகிறது. அந்நாளின் நேரம் அவனுக்கு மட்டுமே தெரியும்.

அந்த நேரம் எப்போது என வினவிய ஒருவரிடம், அதற்காக அவர் ஆயத்தம் செய்து வைத்திருப்பது என்ன என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இறுதி வேளை வந்துற்றபோதும், கையில் கன்று இருந்து, நடவும் இயலுமாயின் நட்டுவிடுமாறும் பணித்தார்கள்.

சூரியனுக்கு 500 கோடி ஆண்டுகள் இருக்கலாம். நமக்கு எஞ்சியவை சில ஆண்டுகளே. கடன் தீர்க்கவும், உறவை இணைக்கவும், கன்று நடவும் அவை போதும். அவற்றை வீணாக்காதிருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.