யார் பாத்திரம்?

எங்கள் கோப்பெங் கிளைக் கூட்டத்தில், தண்ணீர்ப்பந்தலுக்கு வசூலித்ததில் மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எச்.ஐ.வி. உள்ள ஏழைத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும் நிதிக்குத் தரலாம் என்றார் ஓர் அக்கா. உடனே ஓர் அண்ணன், "பிள்ளைக்குக் கொடுங்க, புருஷனால நோய் வந்த பொம்பளைக்கும் கொடுங்க. தானா தேடிக்கிட்டவங்களுக்கு நம்ம காசு போகக்கூடாது. பாத்திரமறிந்து பிச்சையிடுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அந்தப் பழமொழியை நானும் மதிக்கிறேன். கீதையின் 17-ஆம் அத்தியாயமும் தானத்துக்கு இடம், காலம், பாத்திரம் மூன்றும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் 'நோய் எப்படி வந்தது' என்று விசாரிப்பதா பாத்திரம் பார்ப்பது? சர்க்கரை வியாதியில் கால் எடுத்தவருக்கு நிதி திரட்டும்போது, தினமும் எத்தனை தே தாரேக் குடித்தீர்கள் என்று நாம் கேட்பதில்லையே!

அமெரிக்காவில் ரையன் வைட் என்ற சிறுவனுக்கு, இரத்தம் உறையாத நோய்க்குக் கொடுத்த மருந்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. 1985-இல் பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்க மறுத்தது. 1990 ஏப்ரலில், 18 வயதில் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரில் நிதியுதவிச் சட்டம் வந்தது. குற்றம் சொல்ல முடியாத பிள்ளையின் பெயர். ஆனால் உதவி அவனைப் போன்றவர்களுக்கு மட்டுமல்ல, வசதியில்லாத எல்லா நோயாளிக்கும். பெண்கள், குழந்தைகள், இளையோருக்கென்று அதில் தனிப் பிரிவும் உண்டு. அந்தத் தனிப் பிரிவு சரி என்பேன். அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக அல்ல. தனியாக எடுத்து வைக்காவிட்டால் கடைசியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

நம் நாட்டில் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 1998-இல் தொடங்கியது. தடுப்பு இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. சிகிச்சை இருந்தால் 5-க்கும் கீழே. 2018-இல் தாய்-சேய்த் தொற்றை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. முதல் கட்ட மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் நிதி எதற்கு? கோப்பெங்கிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தினக்கூலிக்காரிக்கு ஆஸ்பத்திரி போகும் நாள் சம்பளம் இல்லாத நாள். பஸ் காசு வேண்டும், மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாத்திரை இலவசமானாலும் அதைப் போய் வாங்குவது இலவசமில்லை. மலேசிய எய்ட்ஸ் அறவாரியத்தின் சிறார் நிதி போன்றவை இருப்பது இதனால்தான்.

அண்ணன் ஒதுக்கச் சொன்ன ஆளையும் பாருங்கள். இங்கே தொடக்க காலத்தில் இந்நோய் அதிகம் பரவியது போதை ஊசி வழியே. ஊசி போட்ட கணவனிடமிருந்து மனைவிக்கு, அவளிடமிருந்து பிள்ளைக்கு. 2005-இல் மெத்தடோன் சிகிச்சை, 2006-இல் புது ஊசி கொடுக்கும் திட்டம் வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கணவனுக்கு அன்று கிடைத்த உதவிதான் பிள்ளைக்குக் கிடைத்த முதல் உதவி.

இன்னொன்றும் உறுத்துகிறது. பிறவியிலேயே தொற்றோடு வந்த பிள்ளைக்கு எல்லாரும் பரிதாபப்பட்டுக் கொடுக்கிறோம். அவனுக்கு 19 வயதாகும், மீசை முளைக்கும், குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் வரிசைக்குப் போய் உட்காருவான். பக்கத்தில் இருப்பவர் அவனிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "உனக்கு எப்படி வந்துச்சு?" நம் பணம் அந்த வயதிலும் அவனோடு போகிறதா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.