1024இல் ஒன்று

டால்மேஷன் நாயை நம்மில் பலர் முதலில் பார்த்தது டிஸ்னி படத்தில்தான். வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளிகள். அந்த இனத்தின் கல்லீரலில் ஒரு பரம்பரைக் கோளாறு இருப்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

மற்ற நாய்களின் கல்லீரல், யூரிக் அமிலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரையும் அலன்டோயினாக மாற்றிவிடும். அதற்கான நொதி டால்மேஷனிடமும் இருக்கிறது. ஆனால் அமிலம் செல்லுக்குள் நுழையும் கதவு பழுது. சிறுநீரகத்திலும் அதே கதவுதான், அங்கேயும் பழுது. அதனால் அமிலம் சிறுநீரில் அப்படியே சேர்கிறது. சில நாய்களுக்கு, பெரும்பாலும் ஆண் நாய்களுக்கு, அது கல்லாகிப் பாதையை அடைக்கும். அடைப்பு நீங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காரணம், ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. 2008இல் அதைக் கண்டுபிடித்தார்கள். தூய டால்மேஷன்களில் இரண்டு பிரதியிலும் அதே பிழை. ஆக, இனத்துக்குள்ளேயே எவ்வளவு தேடி இணைசேர்த்தாலும் சரியான பிரதி கிடைக்காது. வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

ராபர்ட் ஷெய்பிள் என்ற அமெரிக்க மரபியலாளர் 1973இல் அதைத்தான் செய்தார். ஒரே ஒரு தடவை, டால்மேஷனைப் பாயின்டர் நாயோடு சேர்த்தார். பிறகு தலைமுறைதோறும் கோளாறு இல்லாத குட்டியைத் தேர்ந்தெடுத்து மறுபடி டால்மேஷனோடு சேர்த்துக்கொண்டே போனார். 1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் சங்கத்தினர் எதிர்த்தார்கள். பதிவு நின்றுபோனது. மறுபடி ஏற்றுக்கொண்டது 2011இல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாயின்டரின் பங்கு தலைமுறைக்குச் சராசரியாகப் பாதியாகும். பத்து தடவை பாதியானால் 1024இல் ஒன்று. முப்பது வருஷச் சண்டை இதற்காகத்தான்.

எதிர்த்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். அவர்களும் நாயை நேசித்தவர்கள்தான். ‘எல்லா நாய்க்கும் கல் வர்றதில்ல, சாப்பாட்டையும் தண்ணியையும் கவனிச்சா சமாளிச்சிடலாம்’ என்றால் அதில் பொய்யில்லை. ‘இன்னிக்கு ஒண்ணுக்குக் கதவைத் திறந்தா நாளைக்கு?’ என்ற பயமும் எனக்குப் புரிகிறது. என் வேலையிலும் அதே குரல் உண்டு: ஓடுற கோட்ல கை வைக்காத.

ஆனால் ‘கை வைக்காமல் இருப்பது’ என்று ஒன்று இங்கே உண்டா? எந்த நாய் எதோடு சேர வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மனிதர்தான் தீர்மானிக்கிறார். சரிசெய்யும் வழி தெரிந்த பிறகும் பழைய ஜோடியையே சேர்த்தால் அது விதி இல்லை, நம் தேர்வு. பிறக்காத குட்டிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்கலாம். அதைப் பிறக்க வைப்பதே நாம்தானே? அப்போதே கடன் தொடங்கிவிடுகிறது.

இனம் என்பது கடைசியில் ஒரு பதிவேடு. அதற்கு வலிக்காது. காலைத் தூக்கி, ஒரு சொட்டும் வராமல் நிற்கிற நாய்க்கு வலிக்கும்.