பின்வருவோர்க்கும் பங்குண்டு

அருகப் பெருமானின் திருவடிகளை மனத்திற் கொண்டு, அறநெறி அன்பர்களோடு இவ்விதழில் ஒரு கடமையைக் குறித்துச் சிந்திக்க விழைகின்றோம். முன்னோர்க்கு ஆற்ற வேண்டிய கடமைகளை நாம் நன்கறிவோம். இன்னும் பிறவாத பின்னோர்க்கு ஆற்ற வேண்டிய கடமையையோ நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு மேற்கே ஐவர்மலை உள்ளது. திருவயிரை என்பது அதன் பழம்பெயர். அதன் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்றும் அங்குண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார் என்றும், இடையறாத வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்தார் என்றும் அது தெரிவிக்கின்றது.

இச்செய்தியில் இரண்டு அறங்கள் அடங்கியுள்ளன. முன்னோர் விட்டுச் சென்றதைப் புதுக்கியது ஒன்று. தாம் மறைந்த பின்னர் வரப்போகும், தாம் முகம் அறியாத ஓர் அடிகளின் பசிக்கும் வழி செய்தது மற்றொன்று. அக்கால அறக்கட்டளைகளில் வைத்த பொன் குறையாமல் நிற்க, பொலிசை எனப்படும் வட்டியைக் கொண்டே அறம் நடைபெறுவது வழக்கம். பலனை உண்ணலாம், மூலதனத்தை உண்ணலாகாது. ஏனெனில் மூலதனம் பின்வருவோர்க்கும் உரியது.

இதே மாவட்டத்தில் மூலதனத்தையே அழித்த வரலாறும் உண்டு. திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சமவெளி மழை குறைந்த நிலம். அங்கே கிணறே உழவரின் உயிர்நாடி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் மண்ணில் இறங்கி அந்தக் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதனைப் பதிவு செய்துள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் நடந்த ஆய்வில், குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது. அவ்வாலைகள் பலருக்கு வேலை கொடுத்ததும், நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டியதும் உண்மையே. ஆயினும் வருவாய் ஒருவர் கைக்குச் சென்றது. செலவு இன்னொருவர் கிணற்றில் எழுதப்பட்டது.

கேடு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும், மீளாத கேடு வரக்கூடும் எனும் இடத்தில் அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடலாகாது என்றும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ‘தோல் தொழில் நமக்கு உரியதன்று, இது யாருக்கோ சொன்னது’ என்று நம்மவர் ஒதுங்கிவிட வேண்டா. இன்று கெட்டுக்கொண்டிருப்பது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கிணறு. அது நம் தலைக்கு மேலுள்ள வானம்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கும். 1992இல் ரியோ மாநகரில் கூடிய நாடுகள், இன்றைய தலைமுறைக்காகவும் வருந்தலைமுறைகளுக்காகவும் தட்பவெப்ப நிலையைக் காப்போம் என உடன்படிக்கை செய்தன. 2015இல் பாரிசில், வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வோம் என்றன. 2024ஆம் ஆண்டோ அந்த அளவையும் கடந்து, அளவெடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு மிக வெப்பமான ஆண்டாயிற்று. ஓராண்டு கடந்ததனால் எல்லை முற்றும் உடைந்துவிடவில்லை. ஆயினும் எச்சரிக்கை தெளிவானது. உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே என்னும் சிறுமி, 2017இல் தம் ஒன்பதாம் வயதில், தட்பவெப்ப மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். 2019இல் அம்மனு தள்ளுபடியாயிற்று. எனினும் தட்பவெப்ப மாற்றத்தின் தீங்கினின்று காக்கப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டென 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்று தொட்டிலில் உறங்கும் குழந்தை 2100ஆம் ஆண்டைக் காணக்கூடும். அப்போது நாம் இருக்கப்போவதில்லை.

இவ்வாறு கூறினால் நம்மவர் சிலர் நம் ஆகமத்திலிருந்தே விடை கூறுவர். ‘அவரவர் வினையை அவரவரே நுகர்வர். பிறக்கப்போகும் குழந்தை துன்புறுமாயின் அது அக்குழந்தையின் முன்வினை. அதற்கு நாம் என் செய்வோம்?’ என்பது முதல் விடை. அன்பர்களே, வினைக்கோட்பாடு நம்மைத் திருத்திக்கொள்வதற்காக அருளப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு வாளா இருப்பதற்காக அருளப்பட்டதன்று. இந்த விடை செல்லுமாயின், ஆட்டை அறுப்பவனும் அதையே கூறித் தப்பிவிடலாமே! துன்புறும் உயிர் தன் வினையை நுகர்வது ஒருபுறம் இருக்க, அத்துன்பத்திற்கு நிமித்தமாய் நின்றவனுக்குப் புதுவினை கட்டுண்கின்றது. அசட்டையினால் உயிருக்கு ஊறு நேர்வதும் கொலையின்பாற்படும் என்பதே தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து.

‘இது இறங்கு காலமாகிய அவசர்ப்பிணி, ஐந்தாங்காலத்தில் உலகம் தேயவே செய்யும்’ என்பது இரண்டாம் விடை. ஐந்தாங்காலம் 21,000 ஆண்டுகள் என்பது ஆகமக் கணக்கு. அத்தனை காலத்திலும் இல்லறத்தானுக்கு அணுவிரதங்கள் உண்டா, இல்லையா? காலம் இறங்குகின்றது என்பதற்காகப் பொய்யும் களவும் நமக்கு அனுமதிக்கப்படவில்லை. இக்கேடும் அவ்வாறே.

‘பெருநாடுகள் எரிப்பதில் நம் பங்கு எவ்வளவு?’ என்பது மூன்றாம் விடை. தலைக்குக் கணக்கிட்டால் இந்தியாவின் பங்கு உலகச் சராசரியினும் குறைவே. அந்நாடுகள் மிகுந்த பொறுப்பேற்க வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் வெயிலில் களையெடுக்கும் கூலிப்பெண்ணும், குளிரூட்டிய மண்டபத்தில் விருந்துண்பவரும் ஒரே அளவா எரிக்கின்றனர்? அப்பெண்ணின் சிக்கனத்தை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளல் தகாது.

செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வினைக்கு மூன்று வாயில்கள். அறியாதிருந்த காலத்து மௌனம் வேறு. அறிந்த பின்னும் பயனை நாள்தோறும் நுகர்ந்துகொண்டு வாய் திறவாதிருப்பது மூன்றாம் வாயிலின்பாற்படும். வாளாவிருத்தலும் ஒரு செயலே என்பதை நாம் உணர வேண்டும்.

இதற்குப் புதிய விரதம் எதுவும் தேவையில்லை. அநர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்து, சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அசட்டைச் செயல்களென விலக்கினார். இன்றைய தீ மின்விசைக்குள்ளும் ஊர்திக்குள்ளும் மறைந்து எரிகின்றது. திருமணத்தில் விடிய விடிய எரியும் அலங்கார விளக்கு, ஆளில்லா அறையில் ஓடும் குளிரூட்டி, ஒரே ஊருக்கு ஒரே நாளில் தனித்தனியே செல்லும் நான்கு கார்கள் ஆகியன அனைத்தும் இவ்விரதத்திற்கு உட்பட்டவையே. நுகர்பொருளுக்கு அளவு வகுக்கும் விரதத்தில், இனி மின்விசைக்கும் எரிபொருளுக்கும் ஆண்டுக்கு ஓர் அளவு வகுத்துக்கொள்வோம். ஜினாலயக் கூரைகளில் கதிரவன் ஒளியால் மின்விசை பெறுவோம். ஊர்க் குளங்களைத் தூர் வாரும் பணிக்கு நம் அறக்கட்டளைகள் பொருள் வழங்கட்டும். முதலீடு செய்யும் வணிகப் பெருமக்கள், இலாபத்தோடு அது எதனை எரித்து வந்த இலாபம் என்பதையும் கேட்கட்டும். ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை நம் வாக்கைக் கேட்டு வருவோரிடம் பேரக்குழந்தைகளின் சார்பில் நாம் வினவுவோம்.

ஆண்டுதோறும் மன்னிப்பு வேண்டும் திருநாளில், எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகின்றோம். எதிர் நிற்பவர் ‘பொறுத்தோம்’ என்கின்றார், நெஞ்சம் இலேசாகின்றது. பிறவாத குழந்தைக்கு அவ்வாறு விடையளிக்க நாவில்லை. அக்குழந்தையிடம் சொல்லால் மன்னிப்புப் பெறும் வழி நமக்கில்லை. செயலால் பெறும் வழி ஒன்றே உண்டு. சாந்திவீரக் குரவர் வைத்த பொன்னை உண்ட அடிகளின் பெயரை நாம் அறியோம். அவரும் அதை அறிந்து வைக்கவில்லை. அத்தகைய ஈகை நம் காலத்திலும் தழைப்பதாக!

வாழ்க அறவாழி! ஓங்குக நல்லறம்!