சல்கெய்ரோஸின் ஆத்மா

போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோ நகரில், பரான்யோஸ் என்னும் பேட்டையிலே, 1911-ஆம் ஆண்டில் சில இளைஞர்கள் தெருவிளக்கு ஒன்றின் அடியில் கூடிப் பந்தாட்டக் கழகம் ஒன்றை ஸ்தாபித்தார்கள் என்றும், பந்து வாங்கக் கையில் காசில்லாமையால் வீடு வீடாகச் சென்று பண்டிகைப் பாட்டுகள் பாடிப் பணம் சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கழகமே சல்கெய்ரோஸ். அதே நகரத்துப் பெருங்கழகமான எஃப்.சி. போர்ட்டோவின் நிழலிலே வளர்ந்த இச்சிறு கழகம், 1991-ல் யூஃபா கோப்பையில் ஆடும் பாக்கியமும் பெற்று, ஸிடான் என்ற இளைஞர் அங்கம் வகித்த பிரெஞ்சுக் குழுவான கானிடம் பெனால்டி உதைகளில் தோற்றது.

பிறகு வந்தது கடன். 2004-ஐ ஒட்டித் தொழில்முறை ஆட்டம் நின்றது. விடால் பின்யெய்ரோ மைதானம் இருந்த இடத்தில் மெட்ரோ நிலையம் எழுந்தது. ஆயினும் 2008-ல் அபிமானிகள், பெயரோடு ‘08’ என்ற எண்ணைச் சேர்த்துப் புதிய கழகம் ஒன்றைப் பதிவு செய்து, மாவட்டப் போட்டிகளின் கடைசிப் படியிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். ‘அல்மா சல்கெய்ரிஸ்டா’ என்பது அவர்களுடைய மந்திரம். அல்மா என்றால் ஆத்மா.

எது அந்த ஆத்மா? மைதானமன்று, அது இடிந்துவிட்டது. ஆட்டக்காரர்களல்லர், அவர்கள் எக்காலத்தும் வந்து போகிறவர்களே. பெயரும் இடமும் என்போமானால், அவ்விரண்டும் சல்கெய்ரோஸ் என்றே பெயர் பூண்ட அந்த மெட்ரோ நிலையத்துக்கும் உண்டு. அதைக் கழகம் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால், இரண்டாவது சுடர் முதற்சுடரும் அன்று, அதற்கு அந்நியமும் அன்று என்று பௌத்தர் சொல்வர். தெருவிளக்கின் அடியில் பிறந்த கழகத்துக்கு இவ்விளக்கம் பொருந்தியே வருகிறது.

ஆனால், ஆத்மா ஒன்றே என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. சரீரம் மாறினும் வினை தொடரும் என்பதும், புண்ணியத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாபத்தைப் பழைய உடலோடு புதைத்துவிட எவருக்கும் இயலாது என்பதும் நம் சமயங்கள் பலவும் உடன்படும் கொள்கையல்லவா? 1991-ன் பெருமையை ‘எங்களுடையது’ என்று பாடுகிறவரிடம், பழைய கழகத்துக்குக் கடன் கொடுத்தவர் ஒருவர் வந்து, ‘அப்படியானால் என் பணம்?’ என்று கேட்டால் என்ன மறுமொழி கூறுவது? ‘அது வேறு கழகம்’ என்று சட்டம் பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலைத் தாமும் சொல்லும் கணத்தில், அபிமானி தம் மந்திரத்தைத் தாமே மறுத்தவராகிறார்.

கடைசிப் படியில் விழுந்து, ஒவ்வொரு படியாக ஏற நேர்ந்ததையே பிராரப்தம் என்று கொள்ளலாம். அனுபவித்துத் தீர்த்த மட்டும் அது தீர்ந்தது. ஆயினும் தண்டனை வேறு, கடன் வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ‘அல்மா’ என்று முழங்கும் அபிமானியின் பக்கத்து இருக்கையில் அந்தக் கடன் கொடுத்தவரும், ஒருவேளை அதே சிவப்புச் சட்டையில், அமர்ந்திருக்கக்கூடும்.