சின்ன கியர் போடு, தலை நிமிர்ந்து மிதி!

பாசிர் கூடாங்கில் சைக்கிள் மிதிக்கத் துணிந்தவன் நீ! கொள்கலன் லாரியும் செம்பனை எண்ணெய் டேங்கரும் உறுமும் ஊர். உலகப் பட்டத் திருவிழா நடத்துமளவுக்குக் காற்றடிக்கும் ஊர். இங்கே சைக்கிளோடு இறங்கிய உனக்குச் சின்ன கியர் போட ஏன் தம்பி வெட்கம்? பக்கத்தில் போகிறவன் பெரிய கியரில் போனால் போகட்டும். முழங்கால் உன்னுடையது!

இந்த வெட்கம் பழையது. 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ்ச், கியர் மாற்றுவது வீரத்துக்கு இழுக்கு என்றே நம்பினார். 1937 வரை அந்தப் பந்தயத்தின் முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் கருவி கிடையாது. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கப் பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டினார்கள். உனக்கோ விரல் அசைத்தால் போதும். அசை!

கணக்கைப் பார். முன்னே 34 பல், பின்னே 17 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்று. சாலையில் ஏறக்குறைய 4.2 மீட்டர். நிமிடத்துக்கு 80 மிதி என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர்! அதே வேகத்தில் 50க்கு 14 போட்டால் 45 மிதிதான் வரும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதலாக அழுத்த வேண்டும். வேகம் கூடவில்லை, மூட்டுக்குத்தான் தண்டனை. இதுவா வீரம்?

நம் டுங்குன் மண்ணின் அசிசுல்ஹஸ்னி அவாங், 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் எனும் தடப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் பந்தயச் சைக்கிளில் ஒரே கியர். ஓட்டத்தின் நடுவே மாற்ற வழியில்லை. தன் காலுக்கு எது பொருந்தும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். உலகச் சாம்பியனே தன் காலைக் கேட்டுத்தான் கியர் போடுகிறார். நீ யாரைக் கேட்கிறாய்?

வலது கால் கீழே வரும்போதெல்லாம் எண்ணு. 15 விநாடியில் 20 வந்தால் நிமிடத்துக்கு 80. எண்ணிக்கை 15க்கும் கீழே போனால் கியரை இறக்கு. இருக்கையில் உடம்பு துள்ளினால் ஒன்று ஏற்று. 80 சட்டமல்ல, 70இல் உன் மூச்சும் காலும் ஒத்துப்போனால் அதுவே உன் தாளம். எதிர்காற்றிலும் இதே கணக்குத்தான்: வேகம் குறையட்டும், தாளம் குறையக் கூடாது!

மேம்பாலம் கண்ணில் பட்டதுமே சின்ன கியருக்கு மாற்று. பாதி மேட்டில் உடல் பாரமெல்லாம் பெடலில் இறங்கியபின் மாற்றினால், இறுகிய செயின் கடகடவென்று திணறும். முன்பே விரலை அழுத்து, காலை ஒரு கணம் தளர்த்து, செயின் பின்னேயுள்ள பெரிய பல்சக்கரத்தில் ஏறி உட்காரட்டும். பிறகு மிதி!