சித்தவட மடத்துக் கிழவர்

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடைபெற்றுவரும் தொடர் சொற்பொழிவில் ஒரு மாலை, பேசியவாறே அச்சிடப்படுகிறது)



திருவெண்ணெய்நல்லூரிலே ஆட்பட்டு, திருநாவலூரைத் தொழுது, திருத்துறையூரிலே தவநெறி வேண்டிப் பெற்று, தில்லைக் கூத்தனைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற பேராவல் உந்த, நம்பியாரூரர் நம்முடைய கெடிலக் கரையை நோக்கி வருகின்ற கட்டத்திலே சென்ற வாரம் நிறுத்தினோம். மேலே செல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பின்வரிசையிலே, தூணோரத்திலே, எல்லோரும் பாயில் அமர்ந்திருக்க, ஒரு பெரியவர் மாத்திரம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். "சுவாமி படத்துக்கு எதிரே நாற்காலியா?" என்று சென்ற வாரம் யாரோ முணுமுணுத்தது மேடை வரைக்கும் கேட்டது. கேட்டவர் இன்றைக்கும் வந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். (சிரிப்பு)

அந்தப் பெரியவர் மதராஸ் ரெஜிமெண்டிலே சேவை செய்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1758-இலே தொடங்கிய படை அது. யானையைச் சின்னமாகக் கொண்ட படை. அந்த யானையைப் போலவே பனிமலைச் சரிவுகளிலே முதுகில் சுமையோடு ஏறி இறங்கிய கால்கள் இப்பொழுது பாடலீசுவரர் சந்நிதியிலே ஒரு படி ஏற மறுக்கின்றன. முழங்கால் மூட்டிலே எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. அவர் வாய் திறந்து வலிக்கிறது என்று சொன்னதில்லை. அவருடைய நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை அண்ணாமலைநகரிலே அவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆகவே இன்றைய பேச்சு கொஞ்சம் அவரைச் சுற்றித்தான் வரும்.

இனிக் கதைக்கு வருவோம். நம்பியாரூரர் திருவதிகை எல்லைக்கு வருகிறார். பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்குள்ளே போகலாம், போகவில்லை. ஏன்? நாவுக்கரசர் பெருமான் கையிலே உழவாரம் ஏந்தித் திருப்பணி செய்த மண் அது. அதைக் காலால் மிதிப்பதா என்று அஞ்சினார். புறத்தே சித்தவட மடத்திலே தங்கினார். பண்ணுருட்டிப் பக்கத்தார் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. நடு இரவு. ஒரு கிழவர் வருகிறார். யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து, நம்பியாரூரர் படுத்திருக்கிற இடத்துக்கு அருகிலே படுத்து, கால்களை நீட்டி, அவருடைய தலைமேலே வைக்கிறார். நம்பிகள் விழித்து, "மறையவரே, உம் அடியை என் தலைமேல் வைத்தீரே" என்கிறார். கிழவர் சொன்ன பதில் என்ன? என் முதுமை எனக்குத் திசை தெரியாமல் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

கவனியுங்கள். எல்லாம் வல்ல பரம்பொருள், திரிபுரத்தைச் சிரித்தே எரித்தவன், அந்த வீரட்டத்திலே இருக்கிறவன், இரவிலே தன் தோழனைத் தேடி வருகிறபொழுது எந்த வேஷத்தைத் தேர்ந்தெடுத்தான்? வில்லேந்திய வீரனாக வந்தானா? கால் சொன்னபடி கேளாத ஒரு கிழவனாக வந்தான். நம்பிகள் தலையை வேறு பக்கம் மாற்றிப் படுத்தார். மறுபடியும் கால். மறுபடியும் மாற்றினார். மறுபடியும் கால். "இப்படிப் பலகாலும் மிதிக்கிறீரே, நீர் யார்?" என்று கேட்டபொழுது, "என்னை அறியாயோ?" என்று சொல்லிவிட்டு மறைந்தான். நாற்காலியைக் கண்டு முணுமுணுத்தவர்களுக்கும் அந்தக் கேள்விதான். கால் நீட்டி அமர்ந்திருக்கிற முதியவரைக் கண்டால், முதலிலே சித்தவட மடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூட்டு மாற்று என்பதைப் பற்றி நம் ஊரிலே உலவுகிற கதைகள் இருக்கின்றனவே, அவை புராணங்களைவிட நீளமானவை! காலையே வெட்டி எடுத்து இரும்புக் கால் வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னாராம். அப்படி இல்லை. தொடை எலும்பின் கீழ்நுனியையும் கணைக்கால் எலும்பின் மேல்நுனியையும் தேய்ந்த அளவுக்குச் சில மில்லிமீட்டர் சீவி, மேலே உலோகக் கவசம் பொருத்தி, கீழே ஒரு தட்டு வைத்து, இரண்டுக்கும் நடுவே வழுக்கிச் செல்லும்படி உறுதியான பிளாஸ்டிக் பலகை ஒன்றை வைக்கிறார்கள். தசையும் நரம்பும் காலும் அவருடையவைதான். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பாரதப் பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு மும்பையிலே இடது முழங்காலில் இதே சிகிச்சை நடந்தது. 2001 ஜூனிலே வலது முழங்காலில். செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இந்தச் செயற்கை மூட்டு உருவான எழுபதுகளிலே நியூயார்க்கில் அதை வடிவமைத்த குழுவிலேயே ஒருவராக இருந்தவர், நம் நாட்டவர். இரண்டாவது சிகிச்சை முடிந்து ஐந்து, ஆறு வாரத்திலே, ஜூலை நடுவிலே, ஆக்ராவிலே பாகிஸ்தான் அதிபரோடு உச்சிமாநாட்டில் உட்கார்ந்தார் பிரதமர். ஒரு தேசத்தின் பாரத்தைத் தாங்கிய முழங்கால் அது. நம் சுபேதார் ஐயாவின் முழங்காலும் தேசத்தின் பாரத்தைத் தாங்கியதுதான்; என்ன, பத்திரிகையிலே வரவில்லை.

நான் அடுத்தபடி கோபித்துக்கொள்ள வேண்டியவர்கள் நண்பர்கள். அன்போடுதான். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலே மாலைதோறும் கூடுகிற அந்தக் கூட்டம் இங்கே முழுவதுமாக வந்திருக்கிறது. அவர்களுக்குள்ளே ஒருவர், "என் சம்பந்தி வீட்டிலே ஒருத்தருக்குச் செய்தார்கள், படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை" என்று இவரிடத்திலே போய்ச் சொல்லியிருக்கிறார். ஐயா, அறுவைக்குப் போகிறவனிடத்திலே போய் இதைச் சொல்லலாமா? இன்னொருவர், "பயப்படாதீங்க மிலிட்டரி, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, எந்தத் தேதி என்பதையே மறந்துவிட்டார். (சிரிப்பு) 'நாங்கள் இருக்கிறோம்' என்பது வாக்கியம். இருப்பது வேறு.

எப்படி இருப்பது? மதுரைக்குப் போவோம். திருவிளையாடற் புராணத்து இராசசேகர பாண்டியனுக்கு அறுபத்துமூன்று கலைகள் வரும், பரதம் ஒன்று மாத்திரம் வராது. அதையும் பயில்வோம் என்று தொடங்கினான். ஆடிப் பார்த்தால் அல்லவா தெரிகிறது, உடம்பெல்லாம் நோவு! அந்த நோவோடு வெள்ளியம்பலத்துக்குப் போனான். அதுவரைக்கும் எத்தனையோ தரம் பார்த்த திருவுருவந்தான். அன்றைக்குத்தான் அந்த ஊன்றிய காலைப் பார்த்தான். நாம் எல்லோரும் எடுத்த பொற்பாதத்தைப் பாடுகிறோம், குஞ்சிதபாதம் குஞ்சிதபாதம் என்று உருகுகிறோம். முயலகன்மேலே ஊன்றி, முழங்கால் மடிந்து, அகிலம் முழுவதும் ஆடுகிற பாரத்தைச் சுமக்கிற வலப்பாதத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்? பாண்டியன் கவலைப்பட்டான். "எம்பெருமானே, ஒரு கணம் ஆடிய எனக்கே இத்தனை வேதனையானால், ஓயாமல் நிற்கிற உன் கால் எப்படி நோகும்! காலை மாற்றி ஆடு, இல்லையேல் இந்த வாளின்மேல் விழுந்து மாய்வேன்" என்று வாளை நட்டு, கண்ணை மூடி நின்றான். திறந்தபொழுது கால் மாறியிருந்தது.

அந்தக் கடற்கரைக் கூட்டத்திலே இராசசேகர பாண்டியன் ஒருவர் இருக்கிறார். தபால் இலாகாவிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுக்கு முன்னால் அவருக்கே இந்தச் சிகிச்சை நடந்தது. அவர் சுபேதார் வீட்டுக்குப் போய் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டி, தழும்பைக் காட்டி, "அண்ணே, முதல் பத்து நாள் வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். மறுநாளே நிற்க வைப்பாங்க. மடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா மூட்டு இறுகிப் போயிடும், நான் அழுதுக்கிட்டே மடக்கினேன்" என்று சொல்லி, எழுந்து, கூடத்துக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்து காட்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் சுபேதார் கையெழுத்துப் போடச் சம்மதித்தாராம். நூறு பேருடைய தைரியத்தைவிட அந்த ஒரு தழும்பு பெரிது.

சுபேதார் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், உரிமையோடு சொல்லுகிறேன். உங்களுக்கு முன்னோர் ஒருவர் உண்டு. பரஞ்சோதியார். பல்லவ வேந்தனுக்குப் படைத்தலைவராய் வாதாபி நகரத்தைத் துகளாக்கி வந்தவர். இவர் சிவனடியார் என்று அறிந்ததும் மன்னன் நடுங்கி, பெருநிதி கொடுத்து, இனிப் போர்த்தொழில் வேண்டாம் என்று ஊருக்கு அனுப்பினான். நம் நாட்டு இலக்கியத்திலே ஓய்வூதியம் வாங்கிய படைவீரர்களிலே முதல்வர் அவராகத்தான் இருப்பார்! (சிரிப்பு) ஊருக்குத் திரும்பிய தண்டநாயகர் என்ன பெயர் பெற்றார்? சிறுத்தொண்டர். ஆணையிட்ட வாய், அடியார் ஆணைக்குக் காத்திருந்தது. நாளைக்கு உங்களுக்கு ஆணையிடப் போகிறவள் பிசியோதெரபி படித்த ஒரு சின்னப் பெண். உங்கள் பேத்தி வயதுதான் இருக்கும். அவள் மடக்கு என்றால் மடக்க வேண்டும், நீட்டு என்றால் நீட்ட வேண்டும், வாக்கரைப் பிடி என்றால் கௌரவம் பாராமல் பிடிக்க வேண்டும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பல்லைக் கடிப்பதை எல்லையிலே வீரம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலே மருந்தின் அளவு தெரியாமல் டாக்டரைத் திண்டாட விடுவது என்பார்கள்.

மறுபடியும் சித்தவட மடத்துக்கு வருகிறேன். அங்கிருந்து மனம் நகரமாட்டேன் என்கிறது. அன்றைக்குத் தலைமேலே காலை வைத்தவன், பின்னாலே என்ன செய்தான்? திருவாரூரிலே நம்பிகளின் மனைவி பரவையார் ஊடி, கதவை அடைத்துவிட்டார். தோழன் துடிக்கிறான். அர்த்தசாமத்திலே தியாகேசப் பெருமான் தெருவிலே இறங்கி நடந்தான். போய்க் கேட்டான், பரவையார் இசையவில்லை. திரும்பி வந்தான். நம்பிகள் மறுபடியும் கேட்டார். "ஒரு தடவை போய்விட்டேன், என் கடமை முடிந்தது" என்றானா? இரண்டாம் தடவையும் நடந்தான். மாலும் அயனும் தேடிக் காணாத கால்கள் ஒரே இரவிலே ஒரு தெருவை இரண்டு முறை அளந்தன. முதல் நடையிலே காரியம் ஆகவில்லை. இரண்டாம் நடையிலே ஆயிற்று. தம்பிரான் தோழர் என்ற பட்டத்துக்குப் பொருள் அந்த இரண்டாம் நடையிலேதான் இருக்கிறது.

அறுவை நடக்கிற திங்கட்கிழமை எல்லோரும் வருவீர்கள், எனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் குவிந்துவிடும். பத்தாம் நாள் யார் வருவார்? தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு, காலையிலே அவர் சோர்ந்து, "இன்றைக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற நாளிலே, பக்கத்திலே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு கூடவே நடக்க யார் வருவார்? அவருடைய வீட்டம்மாளுக்கும் வயதாகிறது. அந்தத் தாயார் ஒருவரே எவ்வளவு தாங்குவார்?

இப்பொழுது ஐப்பசி. மார்கழித் திருவாதிரைக்குத் தில்லையிலே ஆடவல்லான் தேரிலே புறப்படுகிறபொழுது, வடம் பிடித்த கைகளிலே ஒரு காலத்தில் இவருடைய கையும் இருந்தது. ஐந்து ஆண்டாகப் போகவில்லை. இந்த ஆண்டு வடம் பிடிக்க வேண்டாம், டாக்டர் திட்டுவார். மருத்துவர் சம்மதித்தால், கீழவீதியிலே கூட்டத்துக்கு ஒதுங்கி, கைத்தடியோடு, தன் காலிலே நின்று தேரைப் பார்த்தால் போதும் என்கிறார். இங்கிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். நம்பியாரூரர் திருமாணிகுழியும் திருத்தினைநகரும் தொழுது போன அதே நாட்டு வழிதான்.

கூட்டம் கலைவதற்கு முன்னால், வாசலிலே தபால்கார நண்பர் ஒரு நோட்டோடு நிற்பார். முதல் பக்கத்திலே திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறது, அது நிரம்பிவிட்டது. பத்தாம் நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் வரைக்கும், காலை ஏழு மணிக்கு ஒருவர், மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வேண்டும். அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பெயரை எழுதிவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.